ஈபே ஏலத்தில் பழைய லேப்டாப், போன், கேமரா வாங்குவது எப்படி: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருபவர்களில் பலர் வந்த சில வாரங்களிலேயே ஈபேயைத் திறந்துவிடுகிறார்கள். புது லேப்டாப் வாங்கினால் வாடகைப் பணத்தில் கைவைக்க வேண்டும். அதே மாடல் பழையது பாதி விலைக்கும் குறைவாக ஏலத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால் ஆசை வருவது இயல்பு, அதில் தப்பும் இல்லை. என் மேஜையில் இருக்கும் மானிட்டர், லேப்டாப், கேமரா எல்லாமே ஏலத்தில் எடுத்தவைதான், இன்னும் நன்றாக ஓடுகின்றன.

ஆனால் புதிதாக வந்த பிள்ளைகள் சொல்லும் கதைகளைக் கேட்டால் மனசு கஷ்டப்படுகிறது. பழைய உரிமையாளரின் கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஐபோன், ஒரு மாதத்தில் திடீரென்று நெட்வொர்க் இழந்த சாம்சங், வேறொரு ஊர்க் கம்பெனியின் பெயரைக் காட்டிக்கொண்டு நிற்கும் லேப்டாப். இவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டு இடங்களில் தடுத்திருக்க முடியும். ஒன்று, ஏலம் கேட்பதற்கு முன் விளம்பரத்தை வாசிக்கும் நேரம். மற்றொன்று, பார்சல் கைக்கு வந்த முதல் இரண்டு நாள். நடுவில் நடக்கும் ஏலத்துக்குத்தான் எல்லோரும் பதற்றப்படுகிறார்கள். உண்மையில் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் கிடையாது.

முதலில் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இது சின்ன வேலை. தேடலில் "சோல்ட் ஐட்டம்ஸ்" என்ற வடிகட்டியைப் போட்டால், அதே மாடல் அண்மையில் என்ன விலைக்கு உண்மையாக விற்றது என்று தெரியும். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஐந்தாறு விற்பனையைப் பார்த்தால் ஒரு நடுத்தர விலை பிடிபடும். அதைவிட மிகக் குறைவாக ஒருவர் "பை இட் நவ்" (ஏலமில்லாத நேரடி விலை) போட்டிருந்தால் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை பணம் கட்ட வேண்டாம்.

தனியாரிடம் வாங்கும்போது, 2025 முதல் வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்று விலையோடு சேர்கிறது. தபால் செலவையும் சேர்த்து மொத்தத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதவில்லை என்று பாருங்கள்

ஈபே 1995இல் பியர் ஒமிட்யாரால் தொடங்கப்பட்டபோது அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது. வாங்கியவருக்கு அது உடைந்தது என்று தெரியும். உடைந்த பாயிண்டர்களைச் சேகரிப்பவர் என்று அவரே சொன்னாராம். பழுதான பொருளை விற்பது ஏமாற்று வேலை இல்லை. பழுதை மறைத்து விற்பதுதான் ஏமாற்று வேலை. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் பின்னால் பணம் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை வைத்துத்தான்.

முதலில் நிலை என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள். "யூஸ்டு" என்று போட்டால் பொருள் வேலை செய்ய வேண்டும். கீறல் இருக்கலாம், வேலை செய்யாமல் இருக்கக் கூடாது. "ஃபார் பார்ட்ஸ் ஆர் நாட் வொர்க்கிங்" என்று போட்டால் அது உதிரிபாகத்துக்கு. வாங்கியபின் ஓடவில்லை என்று புகார் சொல்ல இடமில்லை. "ரீஃபர்பிஷ்ட்" (சரிபார்த்துப் புதுப்பித்தது) என்பதிலும் தரங்கள் உண்டு. ஈபேயின் சொந்த ரீஃபர்பிஷ்ட் திட்டத்தில் இருப்பவருக்கும், தலைப்பில் அந்தச் சொல்லை அவராகவே எழுதிக்கொண்டவருக்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்து, சில சொற்களுக்கு அனுபவத்தில் ஒரு பொருள் உண்டு. "அன்டெஸ்டட்" என்றால் சோதிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு லேப்டாப்பை சார்ஜரில் மாட்டி ஆன் செய்வதற்கு அரை நிமிஷம் ஆகும். விற்கும் ஒருவர் அந்த அரை நிமிஷத்தைச் செலவழிக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்புவதில்லை. சோதித்துப் பார்த்து ஓடவில்லை என்று எடுத்துக்கொண்டே விலையைக் கணக்கிடுகிறேன். "பவர்ஸ் ஆன்" என்று மட்டும் எழுதியிருந்தால், விளக்கு எரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. "சார்ஜர் இல்லாததால் பார்க்க முடியவில்லை" என்பதும் இதே வகை. "சோல்டு ஆஸ் சீன்" என்று எழுதிவிட்டால் விற்பவருக்குப் பொறுப்பு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிலை "யூஸ்டு" என்று இருந்து, பொருள் விளம்பரத்துக்கு மாறாக வந்தால் ஈபேயின் பணத் திருப்ப உத்தரவாதம் அப்போதும் பொருந்தும். "நோ ரிட்டர்ன்ஸ்" என்று போட்டிருந்தாலும் அதே கதைதான். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று திருப்ப முடியாதே தவிர, சொன்னதற்கு மாறாக இருந்தால் திருப்பலாம்.

படங்கள் விற்பவர் எடுத்தவையா என்று பாருங்கள். கம்பெனியின் விளம்பரப் படத்தை மட்டும் போட்டு பழைய பொருள் விற்பவரிடம் நான் வாங்க மாட்டேன். திரை ஆன் ஆன நிலையில் ஒரு படம் இருக்க வேண்டும். எட்டுப் படம் போட்டிருந்தும் ஒரு மூலை மட்டும் எந்தப் படத்திலும் வரவில்லை என்றால், அந்த மூலையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தலைப்பை ஒரு சொல் விடாமல் வாசிப்பது பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றலாம். 2013 டிசம்பரில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று நினைத்து 450 பவுண்ட் கட்டினார். வந்தது அதன் அச்சிட்ட புகைப்படம். விளம்பரத்தில் "ஃபோட்டோ" என்ற சொல் இருந்தது. கேம் கன்சோல் பிரிவில் போட்டிருந்ததால் பொருள்தான் என்று அவர் நம்பியிருந்தார். அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதும் அதே வேலை திரும்ப நடந்தது. "பாக்ஸ் ஒன்லி", "கேஸ் ஒன்லி", "ஃபார் ஸ்பேர்ஸ்" போன்றவை தலைப்பின் கடைசியில் ஒளிந்திருக்கும். போனில் பார்க்கும்போது தலைப்பு பாதியில் வெட்டப்பட்டுத் தெரியலாம், விளம்பரத்தைத் திறந்து முழுசாக வாசியுங்கள்.

விற்பவர் யார்?

விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல மதிப்பீட்டுச் சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு போட முடியாது. அதனால் வாங்குபவர்கள் பயமில்லாமல் எழுதுகிறார்கள், இது உங்களுக்கு நல்லது. அந்த எழுத்தை வாசியுங்கள். சிவப்பில் வரும் எதிர்மறை மதிப்பீடுகளை மட்டும் தனியாக எடுத்து, அவை எதைப் பற்றியவை என்று பாருங்கள். தபால் தாமதம் என்றால் பரவாயில்லை. "சொன்னதுபோல் இல்லை", "பதில் இல்லை" என்று இரண்டு மூன்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பல வருஷக் கணக்கு, நூறு மதிப்பீடு, எல்லாம் குழந்தை உடுப்பு வாங்கியதற்கு வந்தவை, இன்று திடீரென்று ஏழு மேக்புக் விற்கிறது என்றால் அந்தக் கணக்கு வேறு கைக்குப் போயிருக்கலாம். மதிப்பீடு வாங்கியதற்கா விற்றதற்கா என்று ஈபே பிரித்துக் காட்டுகிறது, அதைப் பாருங்கள்.

அப்புறம், தனியாரா வியாபாரியா என்பது சட்டப்படி பெரிய வித்தியாசம். பிரிட்டனில் வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால், 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருள் வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் மனம் மாறலாம். ஈபே ஏலமானாலும் இது பொருந்தும். நேரில் போய்க் கலந்துகொள்ளும் பொது ஏலத்துக்குத்தான் விலக்கு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம். தனியாரிடம் இவை கிடையாது. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து பவுண்ட் கூட என்றாலும் முதல் லேப்டாப்பை வியாபாரியிடம் வாங்குங்கள் என்றே புதியவர்களுக்குச் சொல்வேன்.

கேள்வியை எழுத்தில் கேளுங்கள்

ஈபேயின் மெசேஜில் மட்டும் கேளுங்கள். வாட்ஸ்அப் எண் தருகிறேன், அங்கே பேசலாம் என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஈபேக்குள் இருக்கும் பதில்தான் பின்னால் சாட்சி. வெளியில் பணம் வாங்கிக்கொண்டு விலை குறைப்பதாகச் சொன்னால் அந்த ஏலத்தை அதோடு விட்டுவிட வேண்டும். வங்கிக்கு நேரடியாக அனுப்பிய பணத்துக்கு ஈபே பொறுப்பில்லை.

"நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாத கேள்வியாகக் கேளுங்கள். போன் என்றால்: பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம், திரையோ பேட்டரியோ மாற்றியிருந்தால் யார் மாற்றியது, எந்த நெட்வொர்க்கில் தவணை பாக்கி இருக்கிறது, உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்களா, ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) என்ன. லேப்டாப் என்றால்: பிராசஸரின் முழு எண் என்ன, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் இருக்கிறதா, இது எந்த நிறுவனத்திடம் இருந்தது, பேட்டரி முழு சார்ஜில் எவ்வளவு நேரம் நிற்கிறது. நேர்மையான விற்பவர் இரண்டு வரியிலாவது பதில் போடுவார். கோபப்படுபவரிடம் வாங்க வேண்டாம்.

ஐஎம்இஐ கிடைத்தால் செக்மெண்ட் போன்ற சேவையில் சிறு கட்டணம் கட்டி, திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா, தவணை பாக்கியா என்று பார்த்துவிடலாம். இன்று சுத்தமாக இருக்கும் எண் அடுத்த மாதம் தடை செய்யப்படவும் வாய்ப்பு உண்டு. விற்றுவிட்டு, தொலைந்துபோனதாக இன்ஷூரன்ஸில் புகார் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தவணையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் தனியாரிடம் விலை உயர்ந்த புதிய போன் வாங்குவதைவிட, இரண்டு மூன்று வருஷப் பழைய போனை வாங்குவது பாதுகாப்பு. தவணைக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ஏலம் கேட்பது

உங்கள் உச்சத் தொகையை முடிவு செய்து ஒரே தடவை போடுங்கள். ஈபே அதை மற்றவருக்குக் காட்டாமல், தேவையான அளவு மட்டும் படிப்படியாக ஏற்றும். முடியும் நேரம் நிலையானது, கடைசி நொடியில் கேட்டால் நேரம் நீளாது. ஆகவே அனுபவசாலிகள் கடைசிப் பத்து நொடியில் போடுவார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். முதல் நாளே போட்டுவிட்டு, யாரோ முந்தும்போதெல்லாம் ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டே போவதுதான் நஷ்டம். சில சமயம் எதிரில் முந்துபவர் விற்பவரின் ஆளாகவே இருப்பார். இது பிரிட்டனில் குற்றம். 2010இல் பிராட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் தன் பொருளுக்குத் தானே இன்னொரு கணக்கில் ஏலம் கேட்ட ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது.

ஏலம் கேட்டால் அது வாக்கு. எண்ணைத் தப்பாக அடித்தது, விற்பவர் விளக்கத்தைப் பெரிதாக மாற்றியது போன்ற சில காரணங்களுக்குத்தான் திரும்பப் பெற முடியும்.

வென்றதும் விளம்பரத்தின் முழுப் பக்கத்தையும் படங்களோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் பணம் கட்டுவது நல்லது. காரணம் கடைசியில் வரும்.

பார்சல் வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் போன் கேமராவை ஆன் செய்து எங்காவது சாய்த்து வையுங்கள். முகவரிச் சீட்டு, டேப், உள்ளே இருக்கும் பொருள், அதன் சீரியல் எண் எல்லாம் ஒரே வீடியோவில் வெட்டாமல் வரட்டும். வெறும் பெட்டி வந்தது, செங்கல் வந்தது என்று சொல்லும்போது இந்த வீடியோ உதவும். விளம்பரப் படத்தில் சீரியல் எண் தெரிந்திருந்தால் வந்ததோடு ஒப்பிடுங்கள்.

பார்சல் வராமலே "டெலிவர்டு" என்று காட்டினால் பதறாதீர்கள். சிலர் உங்கள் போஸ்ட்கோடிலேயே வேறு வீட்டுக்கு எதையாவது அனுப்பிவிட்டு அந்த டிராக்கிங் எண்ணைக் கொடுப்பார்கள். கூரியர் கம்பெனியிடம் எந்த வீட்டில் கொடுத்தார்கள், எடை எவ்வளவு, கையெழுத்து யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு லேப்டாப் பார்சலின் எடை 60 கிராம் என்று பதிவாகியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஊரில் தம்பிக்கு, அப்பாவுக்கு என்று வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பார்சல் வந்த முகவரியிலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் ஈபேயின் உத்தரவாதம் போய்விடும். இரண்டு நாள் நீங்களே வைத்துச் சோதித்துவிட்டு அனுப்புங்கள். போகிறவர் நாளைக்கே கிளம்புகிறார் என்றால் அடுத்து போகிறவரிடம் கொடுக்கலாம்.

போனைச் சோதிப்பது

*#06# அடித்து வரும் எண்ணும், செட்டிங்ஸில் காட்டும் எண்ணும், விற்பவர் சொன்ன எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு செய்யுங்கள். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் நெட்வொர்க்குகள் லாக் செய்த போனை விற்கக் கூடாது. அதற்கு முந்தைய போன்கள் லாக் ஆகியிருக்கலாம்.

அடுத்து, முழுசாக அழித்து முதலிலிருந்து செட்அப் செய்யுங்கள். இது எரிச்சலான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். ஐபோனில் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால் அது ஆக்டிவேஷன் லாக், 2013இல் ஐஓஎஸ் 7 முதல் உண்டு. ஆண்ட்ராய்டில் 5.1 முதல் இதற்கு இணையான பூட்டு கூகுள் கணக்குக்கு உண்டு. பூட்டு வந்தால் உடனே திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம், மறந்தவர்களும் இருக்கிறார்கள். நேர்மையானவர் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே ஐகிளவுடில் நுழைந்து அந்தக் கருவியை நீக்கிவிட முடியும். ஐந்து நிமிஷ வேலை. இரண்டு நாள் சாக்கு சொன்னால் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். திறந்து தருகிறேன் என்று பணம் கேட்கும் கடைகளிடம் போக வேண்டாம்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால், பாகம் ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் "பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி" என்று வரும். ஐஓஎஸ் 15.2 முதல் இந்த வசதி. ஒரிஜினல் அல்லாத பாகத்துக்கு "அன்னோன் பார்ட்" என்று காட்டும். திரை மாற்றியதே தப்பில்லை, விளம்பரத்தில் ஒரிஜினல் என்று சொல்லியிருந்தால்தான் தப்பு. பேட்டரி விஷயத்தில், ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படியும், 15 முதலானவை 1000 சார்ஜ் வரை தக்கவைக்கும்படியும் வடிவமைக்கப்பட்டவை. நான்கு வருஷப் பழைய போன் 100 சதவீதம் காட்டினால் பேட்டரி பெரும்பாலும் மாற்றப்பட்டிருக்கும். அப்போது மேலே சொன்ன அபௌட் பக்கத்தில் அது ஒரிஜினலா என்று பாருங்கள்.

சாம்சங்கில் *#0*# அடித்தால் பெரும்பாலான மாடல்களில் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க நிறம் காட்டும். ஓஎல்இடி திரையில் பழைய கீபோர்டின் நிழல் தங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். ஸ்பீக்கர், மைக், எல்லாக் கேமராக்களும், சார்ஜிங், வைஃபை, கைரேகை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

லேப்டாப்பைச் சோதிப்பது

மாணவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். முதல் காரணம் "ஐ7" என்ற எழுத்து. இன்டெல் ஐ7 என்றால் வேகம் என்று நம்பி 2013 காலத்து நான்காம் தலைமுறைப் பிராசஸரை வாங்கிவிடுகிறார்கள். கோடுக்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். 4600 என்றால் நான்காம் தலைமுறை, 8250 என்றால் எட்டாவது. நான்காம் தலைமுறை ஐ7-4600யு இரண்டு கோர், எட்டாம் தலைமுறை ஐ5-8250யு நான்கு கோர். பெயரில் சின்னதாக இருந்தாலும் பின்னதுதான் வேகம். இன்னொன்று, விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்களை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன, அவை மலிவாகக் கிடைக்கின்றன. சிலர் அவற்றில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். லினக்ஸ் போடத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல பேரம். மற்றவர்கள் எட்டுக்குக் கீழே போக வேண்டாம்.

இரண்டாவது, நிறுவனப் பூட்டு. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி வாங்கிய லேப்டாப் ஒரு மாதத்துக்கு மேல் நன்றாக ஓடியது. ஒரு நாள் ரீசெட் செய்தபோது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு "உங்கள் அலுவலகக் கணக்கில் நுழையுங்கள்" என்று வந்து நின்றது. விற்றவர் இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸை செட்அப் செய்து அந்தப் பூட்டைத் தாண்டியிருந்தார். ஈபேயின் 30 நாள் வரம்பு கடந்துவிட்டதால் அவளுக்குப் பணம் கிடைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வந்த அன்றே முழு ரீசெட் செய்து, செட்அப்பின்போது வைஃபையில் இணைப்பது. மேக்புக்கிலும் அப்படித்தான், அழித்துவிட்டு வைஃபையோடு தொடங்கினால் "ரிமோட் மேனேஜ்மெண்ட்" திரை வந்தால் அது இன்னும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பதிவாகியிருக்கிறது. ஆன் செய்யும்போது பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள், பாஸ்வேர்ட் கேட்டால் அதுவும் கோளாறுதான்.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை கிடைக்கும். அதில் வடிவமைத்த கொள்ளளவும் இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவும் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரிக்கான செலவை மனதில் வையுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தையும், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் காட்டும். டாஸ்க் மேனேஜரில் ரேம் அளவு விளம்பரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எல்லா யூஎஸ்பி துளைகளிலும் ஏதாவது குத்திப் பாருங்கள். கீபோர்டில் எல்லா எழுத்தையும் தட்டுங்கள். ஒரு மணி நேரம் வீடியோ ஓடவிட்டால் சூட்டில் அணைகிறதா என்று தெரியும்.

கேமரா, மெமரி கார்டு, கிராஃபிக்ஸ் கார்டு

பழைய லென்ஸ் என்றால் டார்ச் ஒன்றைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாகச் சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. மங்கலான படலம் தெரிந்தால் ஹேஸ். பூஞ்சை கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், ஈரக் காற்றுள்ள ஊருக்கு எடுத்துப் போனால் இன்னும் வளரும். ஜப்பானிலிருந்து விற்பவர்கள் "நியர் மிண்ட்" என்று தலைப்பில் போட்டுவிட்டு, கீழே விளக்கத்தில் பூஞ்சை இருப்பதை நேர்மையாகவே எழுதியிருப்பார்கள். தலைப்போடு நிறுத்துபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு வாட் வரி உண்டு. 135 பவுண்டுக்கு மேல் போனால் சுங்கத்தில் கணக்கு பார்ப்பார்கள்.

மெமரி கார்டு, பென்டிரைவ், பெயரில்லாத எஸ்எஸ்டி இவற்றை ஏலத்தில் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2 டெராபைட் என்று கம்ப்யூட்டரே காட்டும், உள்ளே 32 ஜிபி இருக்கும். நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே எழுதி எல்லாவற்றையும் கெடுக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக், லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக்க எழுதி வாசித்துச் சோதியுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டில் பழைய சிப்பைப் புது மாடல் போல மாற்றி எழுதி விற்பது உண்டு. ஜிபியு-இசட் மென்பொருள் பல சமயம் அதைக் கண்டுபிடித்துப் போலி என்று காட்டும். 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராஃபிக்ஸ் கார்டுகளால் ஈட்டும் மைனிங் நின்றபோது ஏராளமான கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது எல்லாமே கெட்டது என்று இல்லை, ஆனால் ஃபேனும் மெமரியும் நிறைய உழைத்திருக்கும்.

சொன்னதுபோல் இல்லையென்றால்

முதலில் விற்பவருக்கு மரியாதையாக ஈபே மெசேஜில் எழுதுங்கள். திட்ட வேண்டாம். விளம்பரத்தில் இப்படி இருந்தது, வந்தது இப்படி இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். அதே நாளில் ரிட்டர்னையும் தொடங்குங்கள். காரணம் தேர்ந்தெடுக்கும்போது "மனம் மாறிவிட்டது" என்பதைத் தொட்டுவிடாதீர்கள், "விளக்கத்துக்குப் பொருந்தவில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது என்றால் தபால் செலவு உங்கள் தலையில் விழலாம், ரிட்டர்னே மறுக்கப்படலாம். இரண்டாவது என்றால் விற்பவர்தான் கட்ட வேண்டும்.

பொருள் வந்ததிலிருந்து 30 நாள்தான். விற்பவருக்குப் பதில் சொல்ல 3 வேலை நாள். அதற்குள் தீர்க்காவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். இந்த இடத்தில் சில விற்பவர்கள் அன்பாகப் பேசுவார்கள். "கேஸை மூடிவிடுங்கள், நான் பணம் அனுப்புகிறேன்" என்பார்கள். மூடிய கேஸைத் திரும்பத் திறக்க முடியாது. பணம் முதலில் வரட்டும். "வெளியூர் போயிருக்கிறேன், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பதும் 30 நாளைத் தாண்ட வைக்கத்தான். பாதிப் பணம் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றால் பழுதுபார்க்கும் செலவை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். சில சமயம் அது நல்ல ஏற்பாடே.

திருப்பி அனுப்பும் முன் உங்கள் கணக்கிலிருந்து முழுசாக வெளியேறி, தரவை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பூட்டியதாகச் சொல்வார்கள். பேக் செய்வதையும் வீடியோ எடுங்கள். டிராக்கிங் உள்ள தபாலில் மட்டும் அனுப்புங்கள். திரும்பிப் போய்ச் சேர்ந்த பின் விற்பவர் 2 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும்.

பேட்டரி வீங்கி, போனின் முதுகோ லேப்டாப்பின் டிராக்பேடோ மேலெழும்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடாதீர்கள், தபாலிலும் அனுப்பாதீர்கள். சேதமான லித்தியம் பேட்டரியைத் தபாலில் அனுப்பத் தடை உண்டு. படம் எடுத்து விற்பவருக்கும் ஈபேக்கும் அனுப்பி, திருப்பி அனுப்ப முடியாத காரணத்தை எழுதுங்கள்.

ஈபே வழியில் கிடைக்காவிட்டால், கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி திரும்பப் பெற்றுத் தருவது) கேட்கலாம். அதற்கும் கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாமல் கேளுங்கள். எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட், வீடியோ, மெசேஜ் எல்லாம் இங்கே கைகொடுக்கும். விற்பவர் வியாபாரி என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133, இலவசம். மோசடி என்று உறுதியாகத் தெரிந்தால் 0300 123 2040இல் புகார் பதிவு செய்யலாம், ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் போலீஸின் 101ஐ அழைக்க வேண்டும். விசா நிலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து மாணவர்கள் புகார் கொடுக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். நீங்கள் ஏமாற்றப்பட்டவர், அதற்காக யாரும் உங்கள் விசாவைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

பணம் திரும்ப வந்ததும் மதிப்பீடு எழுதுங்கள், அதற்கும் கால வரம்பு உண்டு. என்ன சொல்லியிருந்தார், என்ன வந்தது, எத்தனை நாளில் பணம் தந்தார் என்று இரண்டு வரி போதும். பழுதை ஒப்புக்கொண்டு உடனே பணம் தந்தவராக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.